ரெண்டு யூனிட் கரண்டும் ஒரு தீர்மான நோட்டும்

(பகுதி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கோவையைச் சேர்ந்த குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. குழுக் கூட்டத்துல பேசுவேன். அதுவும் சண்டை போடத்தான் பேசுவேன்னு எங்க ஊக்குநர் அக்கா சொல்லுவாங்க. "நீ வாங்கின கார் கடனைப் பத்திப் பேசு"ன்னு தலைவியம்மா சொன்னதால வந்து நிக்கிறேன். கார் கடன்னு சொன்னதும் நான் ஏதோ மாருதி வாங்கிட்டேன்னு நினைச்சுடாதீங்க. அது என் பொண்ணும் அவ கூட்டாளிங்க நாலு பேரும் வீட்டு வாசல்ல வச்சுக் கட்டின கரண்டு கார். ஒரு ஆள் மட்டும்தான் உட்கார முடியும். கதவு கிடையாது, கூரை கிடையாது, ரோட்டுல ஓட்டவும் கூடாது. அதுக்கு நம்ம குழு 30,000 ரூபாய் கடன் குடுத்துச்சு.

என் வேலை என்னன்னு முதல்ல சொல்லிடறேன். நான் 19 வருஷமா மோட்டார் பம்பு செட்டுக்குக் காயில் சுத்துறேன். கணபதிப் பக்கம் ஒரு பட்டறை. 1937லயே இந்தியாவில் முதல் மின்சார மோட்டாரைச் செஞ்ச ஊர் நம்ம கோயமுத்தூர். ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செஞ்சாங்க. அந்த ஊர்ல எத்தனையோ பொம்பளைங்க மாதிரி நானும் செம்புக் கம்பியைச் சுத்தி, ஸ்லாட்டுல இறக்கி, நூல் கட்டிக் குடுப்பேன். ஆனா, உண்மையைச் சொல்றேன், அந்த மோட்டார் எப்படி ஓடுதுன்னு நான் ஒரு நாளும் யோசிச்சதில்லை. எத்தனை சுத்துன்னு எண்ணுவேன், வாரக் கடைசியில் கூலி வாங்குவேன். அவ்வளவுதான்.

என் பொண்ணு பாலிடெக்னிக்கில் மூணாம் வருஷம். அவங்க வாத்தியார் ஒரு நாள் வகுப்புல ஒரு பந்தயத்தைப் பத்திச் சொல்லியிருக்கார். அமெரிக்காவுல 2006ல இருந்து "24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்"னு ஒண்ணு நடக்குதாம். கார் 500 டாலருக்கு மேல போகக் கூடாது. பழைய ஓட்டை உடைசல் காரை வாங்கி, தாங்களே ரிப்பேர் பண்ணி, மணிக்கணக்கா ஓட்டுவாங்க. சாதாரண ஜனங்கதான் ஓட்டுறது. ஆனா பாதுகாப்புச் சாமானுக்கு ஆகிற செலவு மட்டும் அந்த 500 டாலர்ல சேராது. பெல்ட், ஹெல்மெட், பிரேக்கு, தலைக்கு மேல இருக்கிற இரும்புக் கூண்டு இதுல எல்லாம் மிச்சம் பிடிக்கக் கூடாதுன்னு அப்படி ஒரு விதி. இங்கிலாந்துல 1999ல இருந்து பள்ளிக்கூடப் பிள்ளைங்களே ரெண்டு 12 வோல்ட் பேட்டரியில் ஓடுற காரைக் கட்டிப் போட்டி போடுறாங்களாம்.

நம்ம ஊருக்கும் இது புதுசு இல்லீங்க. கரிவர்தன்னு ஒருத்தர், மாருதி 800 எஞ்சினையே எடுத்து, கம்மி செலவுல பந்தயக் கார் செஞ்சு காட்டினவர். செட்டிப்பாளையத்துல இருக்கிற கார் பந்தய மைதானத்துக்கு அவர் பேர்தான் வச்சிருக்காங்க.

இதையெல்லாம் கேட்டுட்டு வந்து என் பொண்ணு, "அம்மா, ஒரு பொறியியல் கல்லூரியில் போட்டி வைக்கிறாங்க. நாங்களும் கட்டப் போறோம். தொண்ணூறு நிமிஷம். ஒரே தடவை சார்ஜ். நடுவுல பேட்டரி மாத்தக் கூடாது. யார் அதிக சுத்து சுத்துறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க"ன்னா. "எவ்வளவு ஆகும் கண்ணு?"ன்னு கேட்டேன். ஒரு தாளை நீட்டினா. அந்தக் கணக்கு இன்னும் என்கிட்ட இருக்கு. படிக்கிறேன்.

பேட்டரி வண்டியிலிருந்து கழட்டின பழைய 48 வோல்ட், 1000 வாட் மோட்டாரும் கண்ட்ரோலரும் 6,500. புது பேட்டரி நாலு, 22,000. இரும்புப் பைப் 4,200. பழைய மொபெட் சக்கரம் நாலு, 3,000. பிரேக்கு 2,800. பெல்ட்டும் ஹெல்மெட்டும் 3,500. வயர், ஃபியூஸ், அவசரத்துக்கு அமுக்குற சுவிட்ச் 2,600. சார்ஜர் 2,500. மொத்தம் 47,100 ரூபாய். பிள்ளைங்க அஞ்சு பேரும் ஆளுக்கு 3,000 போட்டாங்க. 2,100 என் கையில இருந்துச்சு. பாக்கி 30,000.

குழுவுல கேட்கலாம்னு போனேன். ஆனா பிள்ளைங்க கார் செஞ்சு விளையாடக் கடன் குடுன்னு எப்படிக் கேக்குறது? அதனால, "வீட்டுக்காரருக்கு முதுகு வைத்தியம்"னு எழுதச் சொன்னேன். எங்க ஊக்குநர் அக்கா பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. "உன் வீட்டுக்காரர் காலையிலதான் எங்க வீட்டுக்கு ரெண்டு தண்ணி கேன் தூக்கிட்டு வந்து மாடியேறிப் போட்டுட்டுப் போனாரு"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. எனக்குத் தலை நிமிரவே முடியலை.

அப்புறம் அக்கா சிரிக்காம சொன்னாங்க: "பஞ்ச சூத்திரத்துல கடைசியா என்ன இருக்கு? கணக்கைச் சரியா எழுதணும்னு இருக்கு. தொகையை மட்டும் சரியா எழுதிட்டு, எதுக்குன்னு பொய் எழுதினா அது கணக்கா? உண்மையைச் சொல்லு. குடுக்கிறதா வேண்டாமான்னு நாங்க முடிவு பண்றோம்."

சொன்னேன். ஒன்றரை மணி நேரம் சண்டை. "ஆட்டுக்கு வாங்கலாம், தையல் மிஷினுக்கு வாங்கலாம், இது என்னத்த சம்பாதிச்சுக் குடுக்கும்?"னு ஒரு தங்கச்சி கேட்டா. அவ கேட்டது தப்பே இல்லை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு கார் பந்தயம்?"னு இன்னொரு அக்கா கேட்டாங்க. அதுக்கு மட்டும் நான் பதில் சொல்லலை. கடைசியில், பந்தயம் முடிஞ்சதும் பேட்டரியை வித்து அந்தப் பணத்தைக் கடன்ல கட்டிடணும்னு ஒரு நிபந்தனை போட்டு, நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டியில், 15 தவணையில் குடுத்தாங்க. தீர்மான நோட்டுல "மகளும் நண்பர்களும் பந்தய மின்கார் செய்ய"ன்னே எழுதினாங்க. அந்த வரியை என் பொண்ணுகிட்டக் காட்டினேன். ரெண்டு தடவை படிச்சா. ஒண்ணும் பேசலை.

வேலை ஆரம்பிச்சுது. வாசல் முழுக்க இரும்புத்தூள். வெல்டிங் எங்க தெருவுல கேட்டு போடுற தம்பி செஞ்சு குடுத்தான். பேட்டரியில் கை வைக்கிற அன்னைக்கு வாத்தியார் வந்து ஒரு சட்டம் போட்டார். மோதிரம், வளையல், கழுத்துச் செயின் எதுவும் இருக்கக் கூடாது. ஸ்பேனருக்குப் பிடியில டேப் சுத்தியிருக்கணும். பேட்டரியோட ரெண்டு முனையிலயும் ஒரே நேரத்துல உலோகம் பட்டா, கண் மூடித் திறக்கிறதுக்குள்ள பழுத்துப் போகும், கையைச் சுட்டுடும். 48 வோல்ட்தானேன்னு நினைக்கக் கூடாதாம். உங்க வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தா இதை ஞாபகம் வச்சுக்கங்க. தண்ணி ஊத்தப் போகும்போது தாலிக்கொடி முன்னால தொங்கக் கூடாது.

அன்னைக்குத்தான் கரண்டுக் கணக்கும் எனக்குப் புரிஞ்சுது. ஒவ்வொரு பேட்டரியும் 12 வோல்ட், 42 ஆம்பியர் மணி. நாலையும் வரிசையாச் சேர்த்தா 48 வோல்ட். 48ஐ 42ஆல் பெருக்கினா 2,016 வாட் மணி. அதாவது நம்ம மீட்டர் கணக்குல ரெண்டு யூனிட். அரசாங்கம் இலவசமாக் கரண்டு குடுக்குது பாருங்க, அதுல ரெண்டே ரெண்டு யூனிட். அதை வச்சு ஒரு ஆளை உட்கார வச்சுத் தொண்ணூறு நிமிஷம் ஓட்டணும்.

அதுவும் முழுசாக் கிடைக்காதுங்க. அந்த 42ன்னு போட்டிருக்கிறது இருபது மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா வர்ற கணக்கு. ஒன்றரை மணி நேரத்துல அவசரமா உறிஞ்சினா, அதே பேட்டரி கம்மியாத்தான் குடுக்கும். பிள்ளைங்க ஓட்டிப் பார்த்து 1.3 யூனிட்னு முடிவு பண்ணினாங்க. வேகமும் அப்படித்தான். வேகத்தை ரெண்டு மடங்காக்கினா, எதிர்க்காத்து நாலு மடங்கு தள்ளும். அதைக் கிழிச்சுட்டுப் போக எட்டு மடங்கு சக்தி வேணும். ஆக, சீறிட்டுப் போறவன் பாதியில நிப்பான்.

இப்ப நடந்த கெட்டதைச் சொல்றேன். பந்தயத்துக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது மோட்டார் எரிஞ்சு போச்சு.

நான் பட்டறையிலிருந்து வந்தப்ப அஞ்சு பேரும் வாசல்படியில உட்கார்ந்திருந்தாங்க. யாரும் வாயைத் திறக்கலை. திறக்க வேண்டியதும் இல்லை. தெரு முனையிலயே எனக்கு வாடை தெரிஞ்சுடுச்சு. எரிஞ்ச வார்னிஷ் வாடை. 19 வருஷமா மூக்குல ஏறின வாடை. "எப்ப இருந்து இந்த வாடை வருது?"ன்னு கேட்டேன். ஒரு பையன் மெதுவா, "மூணு நாளா வருதுங்கம்மா. உங்ககிட்ட சொல்லப் பயந்துட்டோம். கடன் வாங்கிக் குடுத்திருக்கீங்களே"ன்னான்.

எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. "மூணு நாள் முன்னாடி சொல்லியிருந்தா மோட்டார் தப்பிச்சிருக்குமே! ஏன்டா மறைச்சீங்க?"ன்னு கத்தினேன். கத்தும்போதே முதுகு வைத்தியம் ஞாபகம் வந்துச்சு. வாயை மூடிட்டு, முகம் கழுவிட்டு, "ஸ்பேனரை எடுங்க"ன்னேன்.

பிரிச்சோம். உள்ள காயில் கரியாக் கிடந்துச்சு. கடையில குடுத்தா காசும் அதிகம், நாளும் ஆகும். நானே சுத்துறேன்னேன். என் பொண்ணு என்னைப் பார்த்த பார்வை இருக்கே! அம்மா காயில் சுத்துறாங்கன்னு அவளுக்குத் தெரியும். அவ காருக்குள்ள இருக்கிறதும் அதே காயில்தான்னு அவ நினைச்சுப் பார்த்ததில்லை. நானும்தான் நினைச்சதில்லை.

எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. எரிஞ்ச காயிலை எண்ணாம அறுக்கக் கூடாது. எத்தனை சுத்து, எத்தனை கம்பி, என்ன கேஜ், எந்த ஸ்லாட்டுல இருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகுதுன்னு எழுதிக்கிட்டு அப்புறம்தான் கத்தி வைக்கணும். அறுத்த பின்னால யாருக்கும் தெரியாது. எண்ணினேன். பம்பு மோட்டார்ல மெல்லிசுக் கம்பி, நிறையச் சுத்து. இதுல 12 கம்பியைச் சேர்த்துப் பிடிச்சு, வெறும் 9 சுத்து. ஏன் இப்படின்னு என் பொண்ணுகிட்டக் கேட்டேன். "வீட்டுல 230 வோல்ட்டும்மா. ஆயிரம் வாட்டுக்கு நாலஞ்சு ஆம்பியர் போதும். இங்க 48 வோல்ட்தான். அதே ஆயிரத்துக்கு இருபது ஆம்பியருக்கு மேல போகும். அதான் கம்பி தடிமன்"னா. 19 வருஷம் கை செஞ்ச வேலைக்குக் காரணம் அன்னைக்கு என் பொண்ணு சொல்லித்தான் தெரிஞ்சுது. அவளுக்கு ஸ்லாட்டுல பேப்பர் கிழியாம கம்பி இறக்குறது எப்படின்னு நான் சொல்லிக் குடுத்தேன். ரெண்டு ராத்திரி ஆச்சு. பட்டறை முதலாளிகிட்டக் கேட்டு வார்னிஷ் முக்கி, காய வச்சு, மெக்கர் வச்சுப் பார்த்தோம். நல்லா இருந்துச்சு.

எரிஞ்ச காரணத்தையும் கண்டுபிடிச்சாங்க. பின் சக்கரத்துல ஸ்ப்ராக்கெட் சின்னது. ஏத்தத்துல பெரிய கியர்ல சைக்கிள் மிதிச்சா நம்ம முழங்கால் எப்படித் திணறும்? அந்த மாதிரி மோட்டார் சுத்த முடியாமத் திணறி, கரண்டை அளவுக்கு மீறி இழுத்துச் சூடாகியிருக்கு. பெரிய ஸ்ப்ராக்கெட் மாத்தினாங்க. அதோட, சூடு பார்க்க ஒரு மானியை மோட்டார் மேலயே கட்டி, எல்லாரும் பார்க்கிற மாதிரி வச்சாங்க.

பந்தய நாள் வந்துச்சு. கல்லூரிக்குள்ள ஒரு கிலோமீட்டர் சுத்துப் பாதை. 14 கார். எங்க குழுவுல இருந்து ஏழு பேர் வந்திருந்தோம். "என்னத்த சம்பாதிக்கும்"னு கேட்ட தங்கச்சிதான் புளிசாதம் கட்டிக்கிட்டு வந்தா.

என் பொண்ணு காரை ஓட்டலை. பாதை ஓரத்துல நோட்டோட உட்கார்ந்திருந்தா. நம்ம தண்டல் நோட்டு மாதிரியே கோடு போட்ட நோட்டு. பத்து நிமிஷத்துக்கு 145 வாட் மணிதான் செலவு பண்ணலாம். ஒன்பது பத்து நிமிஷத்துக்கு 1,305. கார்ல இருந்த மீட்டரை ஓட்டுற பையன் போன்ல படிச்சுச் சொல்வான். இவ எழுதிக்கிட்டு, "மெதுவா", "சரி", "கொஞ்சம் விடலாம்"னு சொல்வா.

முதல் இருபது நிமிஷம் எனக்கு அழுகையே வந்துடுச்சு. எல்லாக் காரும் பறக்குது. நம்மது பதினொண்ணாவது இடம். ஆனா நாப்பது நிமிஷத்துல ஒண்ணு நின்னுச்சு. அப்புறம் ஒண்ணு. ஒரு மணி நேரத்துக்கு மேல நாலு கார் அடுத்தடுத்து நின்னுபோச்சு. நடுவுல எங்க கார்ல ஆள் மாறி, ஒரு பொண்ணு ஓட்டினா. எண்பதாவது நிமிஷம் நாங்க நாலாவது இடம். மூணாவது கார் எங்களை விட ஒரு சுத்துதான் முன்னால. மூணாவது பரிசு 10,000 ரூபாய்.

அப்ப ஓட்டுற பொண்ணு சொல்றா, வோல்ட் 43க்கு இறங்கிடுச்சுன்னு. 42க்குக் கீழ போனா பேட்டரிக்குள்ள சேதம். ஒரு பேட்டரிக்கு பத்தரை வோல்ட், அதுதான் எல்லை. கூட்டாளிப் பையன் கெஞ்சுறான்: "பத்து நிமிஷம்தான், அடிச்சு ஓட்டச் சொல்லு, பிடிச்சுடலாம்." நானும் சும்மா இருக்கலை. எழுந்து நின்னு, "விடு கண்ணு, போகட்டும்!"னு கத்தினேன். அந்த நேரத்துல எனக்குக் கடனும் தெரியலை, நிபந்தனையும் தெரியலை. கப்பு மட்டும்தான் தெரிஞ்சுது.

என் பொண்ணு என் பக்கம் திரும்பவே இல்லை. "மெதுவாப் போ. 42ஐத் தொடக் கூடாது. பேட்டரி நம்மது இல்லை, குழுவோடது"ன்னு போன்ல சொன்னா.

47 சுத்து. நாலாவது இடம். பரிசு இல்லை. ஜெயிச்ச கார் 58 சுத்து. 14ல கடைசி வரைக்கும் ஓடினது எட்டு.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அந்தப் பையன் அவகிட்டப் பேசலை. அவ செஞ்சது சரியான்னு அன்னைக்கு ராத்திரி நானும் யோசிச்சேன். ஒரு வேளை பிடிச்சிருக்கலாம். தெரியாதுங்க. ஆனா மறு வாரம் அந்த நாலு பேட்டரியையும் சோதிச்சுப் பார்த்துட்டு, ஒரு கடைக்காரர் இன்வெர்ட்டருக்கு 14,000 குடுத்து வாங்கினார். நிபந்தனைப்படி அதைக் கடன்ல கட்டினேன். மீதியைத் தவணையில கட்டிக்கிட்டு வந்து, 15 மாசத்துக்கு முன்னாடியே முடிச்சுட்டேன்.

இந்தக் கடன் என்னத்த சம்பாதிச்சுதுன்னு கேட்டீங்கன்னா, அதுக்கும் பதில் இருக்கு. எங்க தெருவுக்கு வர்ற பேட்டரி ஆட்டோக்காரர் ஒருத்தர் கேள்விப்பட்டு, எரிஞ்ச மோட்டாரைக் கொண்டு வந்தார். சுத்திக் குடுத்தேன். இப்ப நானும் குழுவுல இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து, பட்டறை வேலை முடிஞ்சு வந்து, மாசம் ஏழெட்டு மோட்டார் சுத்துறோம். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தி புளிசாதம் கட்டிட்டு வந்த தங்கச்சி.

கடைசியா ஒண்ணு சொல்லி முடிச்சுக்கிறேன். நம்ம குழுவுல கல்யாணச் செலவை வைத்தியச் செலவுன்னு எழுதுறோம். வீட்டுக்காரர் குடிச்சு வச்ச கடனைப் பசு மாடுன்னு எழுதுறோம். வெட்கம், பயம். எனக்கும் இருந்துச்சு. ஆனா வாடை வரும்போதே சொன்னா மோட்டாரைக் காப்பாத்தலாம். உண்மையை எழுதினதால எனக்கு நல்ல நிபந்தனை ஒண்ணு கிடைச்சுது. என் பொண்ணுக்கு அது யாரோட பேட்டரின்னு தெரிஞ்சுது. முதுகு வைத்தியம்னு எழுதியிருந்தா, அந்த எண்பதாவது நிமிஷத்துல அவளும் என்னோட சேர்ந்து கத்தியிருப்பா.

அதனால, அடுத்த கூட்டத்துல கடன் கேக்கும்போது எதுக்குன்னு உள்ளதைச் சொல்லுங்க. கேக்குறவங்களும், சிரிச்சு முடிச்சுட்டு, காது குடுத்துக் கேளுங்க.

கார் இன்னும் எங்க வாசல்லதான் நிக்குது. பேட்டரி இல்லாம, மேல தார்ப்பாய் போட்டு வச்சிருக்கோம். அடுத்த வருஷமும் ஓட்டணும்னு கேக்குறாங்க. இந்தத் தடவை பிள்ளைங்களே குழுக் கூட்டத்துக்கு வந்து கேக்கட்டும்னு சொல்லியிருக்கேன்.